மறு: ‘நிரந்தர முகவரி’ வேண்டாம் (அச்சுப்பொறி உதவிக் குறிப்புக்கான சொற்கள்)

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் திசைவியை (ரௌட்டர்) மாற்றியபின் அச்சுப்பொறியை மீண்டும் இணைப்பது பற்றிய உதவிக் குறிப்பில், கருவியில் கையால் பதித்துவைக்கும் பிணைய எண்ணான ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்பதற்கு ‘நிரந்தர முகவரி’ என்று வைக்கலாம் என நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். விண்ணப்பப் படிவங்களில் எல்லோரும் நிரப்பிப் பழகிய சொல், விளக்கமே தேவைப்படாது என்பது அவர் வாதம். எனக்கு அந்தப் பழக்கமே தடையாகத் தெரிகிறது. படிவத்தில் நிரந்தர முகவரி என்றால், வாடகை வீடு எத்தனை மாறினாலும் மாறாத சொந்த ஊர் முகவரி. அச்சுப்பொறியில் பதித்த எண்ணோ, திசைவி மாறிய அன்றே செல்லாமல் போகக்கூடியது.

அண்மையில் அக்கா வீட்டில் இதையே பார்த்தேன். பழைய திசைவி 192.168.0 என்று தொடங்கும் எண்களை வழங்கியது, புதியது 192.168.1 என்று தொடங்குபவற்றை. அச்சுப்பொறி புதிய கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது, வைஃபை விளக்கும் அணையாமல் எரிந்தது. ஆனால் கணினியில் அச்சுப்பொறியின் படம் மங்கியே கிடந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்து, அச்சுப்பொறியின் பிணைய விவரங்கள் அடங்கிய அமைவுத் தாளை அச்சிட்டபோது விவரம் தெரிந்தது: முகவரி 192.168.0.50. யாரோ எப்போதோ கையால் பதித்த எண். கணினியும் அச்சுப்பொறியும் ஒரே வைஃபையில் இருந்தாலும், எண்ணின் தொடக்கம் வேறு என்பதால் கணினி அந்த எண்ணைத் தன் பிணையத்தைச் சேர்ந்ததாகவே கொள்ளவில்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் ‘நிரந்தர முகவரியை நீக்குங்கள்’ என்று எழுதினால், அவர் நீக்கத் தயங்குவார். நீக்கினால்தான் வேலை நடக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: இடுமுகவரி. ஒருவர் இட்டதால் இருப்பது. இடுபொருள் என்று வேளாண்மையில் அன்றாடம் சொல்கிறோம். வினைத்தொகை என்பதால் நேற்று இட்டது, இன்று இடுவது, நாளை இடப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். மனிதர் இட்டது என்று சொல்லே சொல்வதால், மனிதர் எடுத்துவிடலாம் என்பதும் தானாக விளங்கும்.

அடுத்து, திசைவி தானாக வழங்கும் எண். ‘இயங்குநிலை முகவரி’ (டைனமிக் ஐபி) என்று பல இடங்களில் பார்க்கிறேன். அந்த எண் எங்கே இயங்குகிறது? குறித்த காலத்துக்குக் கருவியிடம் இருக்கிறது, அவ்வளவுதான். எண்களைத் தானாக வழங்கும் முறையான டிஎச்சிபிக்கு 1997இல் வெளியான நெறிமுறை ஆவணம் இந்த ஏற்பாட்டை நிலக் குத்தகை போலவே வகுத்திருக்கிறது: காலம் உண்டு, காலம் முடியுமுன் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காவிட்டால் எண் வேறொருவருக்குப் போகலாம். பாதிக் காலம் கழிந்ததுமே கருவி புதுப்பிக்கக் கேட்கத் தொடங்குவது வழக்கம். ‘இரவல் முகவரி’ நயமாக இருக்கிறது என்று குழுவில் அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். நயம்தான். ஆனால் இரவலில் கெடுத்தேதி கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கே கெடுத்தேதிதான் உயிர். சில நாள் அணைத்து வைத்த அச்சுப்பொறியின் எண் ஒரு கைபேசிக்குப் போய்விடுவதும், கணினி அந்தப் பழைய எண்ணுக்கே தாள்களை அனுப்பிக்கொண்டிருப்பதும் இதனால்தான். குத்தகை முகவரி என்றே வைப்போம்.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு, இன்ன கருவிக்கு இன்ன எண் என்று திசைவியில் எழுதிவைப்பது. கருவியின் வன்பொருள் முகவரியை (கருவிக்கென்றே உள்ள அடையாள எண்) பார்த்து ஒவ்வொரு முறையும் அதே எண்ணைத் திசைவி கொடுக்கும். இதற்கு ‘முகவரி ஒதுக்கீடு’ என்ற சொல் வரைவில் இருக்கிறது, மாற்ற வேண்டும். எல்லாக் கருவிக்கும் எல்லா நேரமும் திசைவி செய்வது ஒதுக்கீடுதானே? ரயிலில் பெயர் கொடுத்து இடம் பிடிப்பதை முன்பதிவு என்கிறோம். அதே சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது: முன்பதிவு முகவரி.

இடுமுகவரியையும் முன்பதிவு முகவரியையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கத்தை நாம் கட்டாயம் கைவிட வேண்டும். விளைவு ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது அச்சுப்பொறிக்குள் இருக்கிறது, பின்னது திசைவிக்குள் இருக்கிறது. திசைவியைக் கழற்றிக் கொடுத்தால் முன்பதிவும் அதனோடு போய்விடும். இடுமுகவரி அச்சுப்பொறியிலேயே தங்கித் தொல்லை தரும். எங்கே போய்த் திருத்துவது என்பதைச் சொல்லே காட்டிவிட்டால், பாதிக் கேள்விகள் எழவே எழா.

169.254 என்று தொடங்கும் எண்ணுக்கும் ஒரு பெயர் வேண்டும். திசைவியிடமிருந்து எதுவும் கிடைக்காதபோது கருவி தனக்குத்தானே சூட்டிக்கொள்வது அது. அமைவுத் தாளில் அதைக் கண்டால், அச்சுப்பொறிக்குத் திசைவி எண் வழங்கவில்லை என்று பொருள். கடவுச்சொல்லையும் வைஃபை இணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும். தான்தோன்றி முகவரி என்று சொல்லலாமா? தான்தோன்றித்தனம் என்ற வசைச்சொல் நினைவுக்கு வரும் என்பது தெரியும். தான்தோன்றீசுவரர் என்று இறைவனையும் அழைக்கிறோம், சொல்லுக்கு இழுக்கில்லை.

எஸ்எஸ்ஐடி என்பதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். ‘வைஃபை பெயர்’ போதும்.

குறிப்பின் முதல் பத்தியை இப்படித் திருத்தலாம் என்று நினைக்கிறேன்:

“புதிய திசைவிக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் வையுங்கள். குத்தகை முகவரியில் இயங்கும் அச்சுப்பொறி பெரும்பாலும் தானே இணைந்துவிடும். இணையாவிட்டால் அமைவுத் தாளை அச்சிட்டு முகவரியைப் பாருங்கள். பழைய திசைவியின் எண்வரிசையிலேயே இருந்தால் அது இடுமுகவரியாக இருக்கலாம். அச்சுப்பொறியின் பிணைய அமைப்பில் அதை நீக்கி, தானாகப் பெறும்படி மாற்றுங்கள். தான்தோன்றி முகவரியாக இருந்தால், புதிய திசைவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒலிபரப்புகிறதா, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பழைய அச்சுப்பொறிகள் பல இவற்றில்தான் தடுக்கி நிற்கும். இணைந்தபின் புதிய திசைவியில் முன்பதிவு செய்துவிடுங்கள்.”

விண்டோஸில் அச்சுப்பொறியின் பண்புகளுக்குள், எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று குறித்திருக்கும் ‘போர்ட்’ என்ற பகுதியில் பழைய எண்ணே தங்கியிருப்பதையும் அடுத்த பத்தியில் எழுத வேண்டும். துறை என்பதா, வாயில் என்பதா, போர்ட் என்றே விடுவதா? துறைமுகத்தின் சாயல் இருந்தாலும் ‘துறை’ பக்கமே என் மனம் சாய்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால், அடுத்த வரைவில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்