தொண்டிக் கடலோர வீடு: கிழக்கு அறையில் தண்ணி, டிரிப்பர் நிக்கலை, வாடைக்காற்றும் வந்தாச்சு. போகலாமா?

வளவுவாசி (தேவகோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். தொண்டிக்குத் தெற்கே கடலைப் பார்த்தாப்ல எங்க அம்மான் கட்டிப்போட்ட சின்ன வீடு ஒண்ணு இருக்கு. ரெண்டு அறை, கிழக்கே தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு. பினாங்கிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருக்காங்க. ஐப்பசி மழையில கடலைப் பார்க்கணும்னு பிள்ளைகளுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புறதாப் பேச்சு. எண்பது தாண்டின அப்பத்தாவும் வர்றாங்க.

நேத்து ராத்திரி அங்கே காத்தோட நல்ல மழை. வீட்டைப் பார்த்துக்கிற அண்ணன் காலையில போன்ல சொன்னார்: கிழக்கு அறையில தரை முழுக்கத் தண்ணி. ஆனா ஓடு ஒழுகலை, ரீப்பர் சட்டமெல்லாம் காய்ஞ்சே இருக்கு. மழை பிடிச்ச கொஞ்ச நேரத்துல டிரிப்பர் விழுந்திருக்கு, தூக்கி விட்டாலும் நிக்கலை. இதுக்கிடையில வங்கக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வுப் பகுதின்னு செய்தி.

வீட்டைச் சரி பண்ணிட்டாப் போயிடலாம்கிறாங்க சித்தப்பா. எனக்கு மனசு ஒப்பலை, ஆனா காரணம் சொல்லத் தெரியலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நிலைக்கதவு (காரைக்குடி):

பழைய வீடுகள்ல நிலை, ஜன்னல் வேலைதான் எனக்குப் பொழைப்பு. ஓடு காய்ஞ்சிருக்குன்னா தண்ணி பக்கவாட்டுல வருது. நேராப் பெய்யிற மழைக்கு ஒரு சொட்டுக்கூட விடாத சுவரு, காத்து தள்ளுற மழைக்குத் தண்ணியை உள்ளே விடும். எந்த வழின்னு ஊகிச்சுக்கிட்டுப் பூசாதீங்க. மழை விட்டதும் அந்த அண்ணனை ஒரு வாளித் தண்ணியும் சொம்பும் எடுத்துக்கச் சொல்லுங்க. வெளியில நின்னு முதல்ல கதவடிப் படியில ஊத்தணும், உள்ளே ஒருத்தர் பார்க்கணும். கசியலைன்னா ஜன்னலடி. அப்புறம் ஜன்னல் சட்டமும் சுவரும் சேர்ற பக்கம். கடைசியாத்தான் சன்ஷேடு மேலே. கீழேயிருந்து மேலே போகணும். மேலே முதல்ல ஊத்தினா எல்லா இடமும் நனைஞ்சு ஒண்ணும் புரியாது.

மெயின்போர்டு (புதுக்கோட்டை):

டிரிப்பர்னு நீங்க சொல்றது ஆர்.சி.சி.பி.யா இருக்கும். வீட்டுக்குப் போடுறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். அவ்வளவு மின்சாரம் எர்த் பக்கம் கசிஞ்சாலே விழுந்துடும். கடலோரத்துல உப்புப் படிஞ்ச போர்டு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், கசிவு அங்கே ஆரம்பிக்கும். தாழ்வாரத்து லைட், காலிங்பெல், மோட்டார், இந்த மூணையும் முதல்ல சந்தேகப்படுங்க.

காய்ஞ்ச தரையில, கால்ல செருப்போட நின்னு, எல்லா எம்.சி.பி.யையும் (போர்டுல ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியா இருக்கிற சின்ன சுவிட்ச்) இறக்கிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்கச் சொல்லுங்க. நின்னா ஒவ்வொரு எம்.சி.பி.யாத் தூக்கணும். எதைத் தூக்கும்போது விழுதோ அந்த வழியிலதான் கோளாறு, அதை இறக்கியே வைங்க. எல்லாத்தையும் இறக்கியும் விழுந்தா நியூட்ரல், எர்த்தோட எங்கேயோ தொட்டுக்கிட்டிருக்கலாம். ஒத்தை முனை (சிங்கிள் போல்) எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிக்காது, அதனால இந்த முறையில அது பிடிபடாது. எலக்ட்ரீஷியன் மெகர், அதாவது ஒயர்ல கசிவு இருக்கான்னு சோதிக்கிற மீட்டர் வச்சுப் பார்க்கணும். முக்கியமா, விழுதேன்னு ஆர்.சி.சி.பி.யைச் சுத்தி நேரா ஒயர் கொடுக்க யாரையும் விடாதீங்க. ஈரத்தரையில பிள்ளைங்க வெறுங்கால்ல ஓடுற வீட்டுல உயிரைக் காப்பாத்துறது அந்த ஒரு சாமான்தான்.

புதுவயல்காரன்:

தாழ்வுப் பகுதிதானே, புயல் இல்லையே. தொண்டி பாக் விரிகுடா, நடுவுல இலங்கை அணையா நிக்குது. ஆடியில போனப்ப கடல் குளம் மாதிரி கிடந்துச்சு. தாராளமாப் போகலாம்.

தொண்டிக் கரை:

தம்பி, ஆடியில பார்த்த கடலை வச்சு ஐப்பசிக் கடலைக் கணக்குப் போடக்கூடாது. ஆடியில கச்சான், அதாவது மேக்கேயிருந்து நிலத்து மேல வர்ற காத்து. எங்க கரைக்கு அது முதுகுப்பக்கம், அதான் அலை இல்லை. ஐப்பசி பிறந்தா வாடை. வடகிழக்கேயிருந்து நேரா எங்க மூஞ்சியில அடிக்கும். ஆழம் குறைஞ்ச கடல்ங்கிறதால பெரிய அலை எழும்பாது, ஆனா குட்டை அலை ஒண்ணு மேல ஒண்ணா இடைவெளி விடாம வரும். தண்ணி கலங்கி, காலடியில என்ன இருக்குன்னு தெரியாது. முழங்கால் தண்ணிதானேன்னு இறங்குற வெளியூர்ப் பிள்ளைகளைக் கரையில நிக்கிற நாங்க கத்திக் கூப்பிட்டுக்கிட்டே இருப்போம்.

பேர் வச்ச புயல்தான் ஆபத்துன்னும் இல்லை. 2020 டிசம்பர்ல புரெவி வலுக்குறைஞ்சுதான் மன்னார் வளைகுடாவுக்கு வந்துச்சு. வந்தது நகராம ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்துலயே நின்னு மழையைக் கொட்டுச்சு. காத்து குறைவுன்னு நினைச்சவங்க வெள்ளத்துல மாட்டினாங்க.

வளவுவாசிக்கு ஒண்ணு சொல்றேன். மீன்வளத்துறை விசைப்படகுக்கு டோக்கன், அதாவது கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு கொடுக்குதான்னு கேளுங்க. கொடுக்கலைன்னா கடலே தொழிலா இருக்கிறவங்களே போகலைன்னு அர்த்தம். அடுத்து பாம்பன் துறைமுகத்துல ஏத்துற புயல் எச்சரிக்கைக் கூண்டு எந்த நம்பர்னு பாருங்க. 1, 2 தூரத்துல உள்ளதுக்கு. 3 ஏத்தினா நம்ம பக்கமே பலத்த காத்து வீசும்னு எச்சரிக்கை. 3 ஏறின பிறகு வயசானவங்களை வச்சுக்கிட்டுக் கரையில ராத்தங்கல் வேண்டாம்.

வளவுவாசி:

அண்ணன்மார்களுக்கு நன்றி. மத்தியானம் மழை விட்டதும் ஊத்திப் பார்த்தாச்சு. கதவடியில கசிவில்லை. தெற்கு ஓர ஜன்னல், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஊத்தினதும் உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு கறுத்துக்கிட்டே இறங்கி, ஜன்னலடியில சொட்ட ஆரம்பிச்சுதாம். ஒரு விரல் நுனி நுழையிற சந்து. டிரிப்பர் விழுறது தாழ்வாரத்து லைட் வழியில. அதை இறக்கி வச்சதும் மத்தது நிக்குது. லைட்டைக் கழட்டினா உள்ளே பச்சை பூத்துக் கிடக்காம். இப்பவே சிலிக்கான் அடிச்சு அடைச்சுடலாமா?

நிலைக்கதவு (காரைக்குடி):

ஈரச் சுவத்துல சிலிக்கான் பிடிக்காது. ரெண்டே நாள்ல தோலா உரிஞ்சு வரும், உள்ளே தண்ணியும் தங்கும். இப்போதைக்குத் தார்ப்பாய்தான். வெளிப்பக்கம் சன்ஷேடுக்கு அடியில ஒரு மரப்பட்டியை வச்சு தார்ப்பாயை முடுக்கி, ஜன்னலுக்குக் கீழே ஒரு முழம் தொங்கவிட்டு, ஓரங்களையும் பட்டி வச்சு இறுக்குங்க. ஓரம் படபடத்தா காத்து கிழிச்சிடும். உள்பக்கம் கட்டிப் பிரயோஜனமில்லை. ஆணி வேண்டாம், துருப்பிடிக்கும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகாணி போடுங்க.

நிரந்தர வேலை தை பிறந்து சுவர் காய்ஞ்ச பிறகு. அந்த இடைவெளியைச் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையால அடைச்சு, மேல சீலன்ட். சன்ஷேடு அடி விளிம்புல நீர் சொட்டுற மாதிரி ஒரு காடி இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. அது இல்லாட்டி தண்ணி சன்ஷேடு அடியை ஒட்டிக்கிட்டே சுவத்துக்கு வந்துடும். நிறைய வீட்டுல இதுதான் மூலக்காரணம், ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கிறதில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

வீட்டுக் கோளாறும் பயணமும் வேற வேற விஷயம் அப்பு. ஜன்னலை அடைச்சாச்சுன்னு காத்து நிக்கப் போறதில்லை, உங்க சித்தப்பாகிட்ட அதைச் சொல்லுங்க. வழியையும் யோசிங்க. திருவாடானைப் பக்கம் முழுக்கக் கண்மாய். நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சா தரைப்பாலத்து மேல தண்ணி போகும். அப்பத்தாவுக்கு ராத்திரி ஒண்ணுன்னா தேவகோட்டைக்கு எப்படித் திரும்புவீங்க? 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப புதுக்கோட்டைப் பக்கம் மரமெல்லாம் ரோட்டுல விழுந்து ஊருக்கு ஊர் போக முடியாம கிடந்தோம்.

பிள்ளைகளுக்கு மழைதானே பார்க்கணும்? வளவு முற்றத்துல நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் கொட்டுறதைப் பார்க்கட்டும். அண்டாவை இறக்கி வச்சு மழைத்தண்ணி பிடிக்கச் சொல்லுங்க, கந்தரப்பமும் சுட்டுக் கொடுங்க. கடலைக் காத்து அடங்கினதும் ஒரு காலையில போய்ப் பார்த்துட்டு, இருட்டுமுன்ன திரும்பிடலாம்.

வளவுவாசி:

ஆச்சி சொன்னதை அப்படியே சித்தப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். திரும்பி வர்ற வழிங்கிற இடத்துல அவங்களே சரின்னுட்டாங்க. சாயங்காலம் விசாரிச்சதுல டோக்கனும் கொடுக்கலை. வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்தியாச்சு. தார்ப்பாய் கட்ட ஆள் போயிருக்கு, தாழ்வாரத்து லைட் ஒயரைத் தனியாப் பிரிச்சு வைக்க எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றார்.

தொண்டிக் கரை அண்ணே, டோக்கன் கொடுக்க ஆரம்பிச்ச அன்னிக்கே பகல்ல வந்துட்டுப் போகலாமா, இல்லை இன்னும் ஒருநாள் விடணுமா?

தொண்டிக் கரை:

ஒருநாள் விட்டு வாங்க. காத்து நின்னாலும் தண்ணி தெளிய நேரமாகும். காரங்காடு அலையாத்திக் காட்டுல படகு விடுறாங்களான்னு வனத்துறையில கேட்டுக்கிட்டு வாங்க. விட்டா அப்பத்தாவும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், ஆனா எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஏத்தணும். கிளம்புமுன்ன 1077க்கு அடிச்சு ரோடு நிலவரமும் கேட்டுடுங்க. அது மாவட்டப் பேரிடர் எண், ராத்திரியும் எடுப்பாங்க.