புதுப்பிப்பு: பிளாக் கேர்ள்ஸ் கோட், ஒரு திருத்தமும் ஒரு பதிலும்

கறுப்பினச் சிறுமிகளுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத் தரும் அமெரிக்க அமைப்பான பிளாக் கேர்ள்ஸ் கோட் பற்றிப் போன வாரம் எழுதியபோது, நிறுவனர் கிம்பர்லி பிரையன்ட்தான் இன்னும் அதை நடத்துகிறார் என்றேன். தவறு. 2022-லேயே நிர்வாகக் குழு அவரை நீக்கிவிட்டது. மன்னிக்கவும்.

மற்றது சரிதான். மின்பொறியாளரான அவர், மகள் போன கணினி முகாமில் கறுப்பினச் சிறுமிகள் அரிதாக இருந்ததைப் பார்த்து, 2011-ல் சான் பிரான்சிஸ்கோவில் இதைத் தொடங்கினார். 7 முதல் 17 வயதுச் சிறுமிகளுக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறார்கள். கணினித் துறையில் இருப்பவர்களே தன்னார்வலர்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பிடித்தது.

அப்புறம், "காசுக்கு என்ன வழி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் நன்கொடை. ஆனாலும் 2017-ல் ஊபர் நீட்டிய 1,25,000 டாலரை பிரையன்ட் வேண்டாம் என்றார். விளம்பரத்துக்காகத் தருவதாக அவருக்குப் பட்டது. நானாக இருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ.