மறு: ஹைட்ரஜன் ஹப், ஹைட்ரஜன் வேலி: இரண்டுக்கும் 'மையம்'தானா?

குழுவினருக்கு வணக்கம்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் ஹைட்ரஜன் திட்டங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வரிக்கு வரி 'ஹப்' வருகிறது. செய்தித்தாள்கள் 'பசுமை ஹைட்ரஜன் மையம்' என்று போடுகின்றன. சரி என்று நானும் அதையே எழுதினேன். அடுத்த பத்தியில் புனே, ஜோத்பூர், ஒடிசா, கேரளம் ஆகிய நான்கு இடங்களுக்கு மத்திய அரசு ஒதுக்கிய 'ஹைட்ரஜன் வேலி' (ஆங்கில valley) வந்து நிற்கிறது. அதையும் மையம் என்றுதான் எழுதுகிறார்கள். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் வாசகர் குழம்பிவிடுவார்.

சென்ற வாரம் குழுவில் 'முனையம்', 'குவியம்', 'நடுவம்' என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. எதை எடுத்துக்கொள்வது? 'எலக்ட்ரோலைசர்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். மூத்தவர்கள் சொல்லுங்கள்.

———

> 'எலக்ட்ரோலைசர்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்

தம்பி, இதை முதலில் முடித்துவிடுவோம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிதானே. மின்பகுப்பான். நம் பாடநூலில் மின்னாற்பகுப்பு, இலங்கைப் பாடநூலில் மின்பகுப்பு. கருவிக்குப் பெயர் வைக்கும்போது குட்டையானதை எடுத்துக்கொள்ளலாம். 'மின்னாற்பகுப்புக் கலன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தவறில்லை, ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் அதை நாற்பது முறை எழுதுபவரின் கையையும் நினைக்க வேண்டும்.

ஆனால் 'பசுமை ஹைட்ரஜன்' என்பதை 'மின்பகுப்பு ஹைட்ரஜன்' என்று மாற்ற வேண்டாம். மத்திய அரசு 2023 ஆகஸ்டில் வெளியிட்ட வரையறைப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெளியேறக் கூடாது. அந்த எல்லைக்குள் வந்தால் உயிரிக்கழிவிலிருந்து எடுத்ததும் பசுமைதான்.

இனி ஹப். பெயர் வைக்குமுன் அரசு எதற்குப் பணம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய். அதில் 17,490 கோடி ஊக்கத்தொகைக்கே போகிறது: மின்பகுப்பான் தயாரிப்பவருக்கு 4,440 கோடி, ஹைட்ரஜன் தயாரிப்பவருக்கு 13,050 கோடி. தயாரிப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. முதல் ஆண்டு அதிகபட்சம் 50 ரூபாய், அடுத்த ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 30. அதன் பிறகு சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

ஹப்புக்கான நெறிமுறைகள் 2024 மார்ச்சில் வந்தன. ஒதுக்கீடு 200 கோடிதான். மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் பணத்தின் குணம் வேறு. அது எந்தத் தனி ஆலைக்கும் கிலோக் கணக்கில் போவதில்லை. சேமிப்புத் தொட்டி, குழாய்ப்பாதை, நீர் சுத்திகரிப்பு, வாயுவை அழுத்தும் நிலையம், மின்தொடர் மேம்பாடு என்று பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதிகளுக்குப் போகிறது. தயாரிப்பவரும் வாங்குபவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் உள்ள செலவை அரசு ஏற்கும் என்பதுதான் திட்டமே. ஹைட்ரஜன் அப்படிப்பட்ட சரக்கு. தயாரிப்பதைவிட ஏற்றி இறக்குவதில் படுத்தும்.

இதை வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பார்ப்போம்.

'மையம்' என்றால் இன்று ஒரு கட்டடம். இ-சேவை மையம், தடுப்பூசி மையம், தரவு மையம். ஹைட்ரஜன் மையம் என்றால் நான்கு பேர் வெள்ளைக் கோட்டுடன் ஆராய்ச்சி செய்யும் இடம் போலத் தோன்றுகிறது. 'முனையம்' நல்ல சொல்தான், ஆனால் அதே துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் இருக்கிறது; கட்டுரை ஒரு பக்கம் தாண்டுமுன் இரண்டும் குழம்பிவிடும். 'குவியம்' வில்லைக்கு உரியது. 'நடுவம்' மையத்தின் தம்பி, புதிதாக எதுவும் சொல்வதில்லை. சக்கரத்தின் ஹப்புக்கு நம் தச்சர்கள் சொல்லும் சொல் 'குடம்'. அதற்காக ஹைட்ரஜன் குடம் என்று போனால் அடுப்படிக்குத்தான் போவோம்.

என் பரிந்துரை: பேட்டை. ஹைட்ரஜன் பேட்டை.

தொழிற்பேட்டை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. கிண்டியில் 1958-இல் தொடங்கியதிலிருந்து அதன் பொருள் ஊருக்கே தெரியும்: அரசு நிலம், சாலை, மின்சாரம், தண்ணீர் கொடுக்கும், ஆலைகள் வந்து உட்காரும், ஒன்றின் உற்பத்தி மற்றொன்றின் மூலப்பொருள். ஹைட்ரஜன் ஹப் நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது. தவிர, பேட்டை என்பது முன்பே சரக்கு வந்து விலைபோகும் இடத்துக்கும் பெயர். ஹப்பில் அந்தப் பாதிதான் நம் அதிகாரிகள் பேச்சில் அடிக்கடி காணாமல் போகிறது.

தூத்துக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். காண்ட்லா, பாரதீப் ஆகியவற்றோடு சேர்த்து இதையும் 2025-இல் ஹப்பாக அங்கீகரித்தார்கள். கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை காற்று அள்ளிக்கொடுக்கும். இயற்கை எரிவாயுவிலிருந்து அமோனியா எடுத்து யூரியா தயாரிக்கும் ஸ்பிக் ஆலை ஊருக்குள்ளேயே இருக்கிறது; அமோனியாவுக்கு ஹைட்ரஜன்தான் மூலப்பொருள். கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் நல்ல தண்ணீர் இல்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதிக் கணக்கில் 9 லிட்டர் வேண்டும், சுத்திகரிப்பில் கழிவது தனி. தாமிரபரணியை இதற்கும் பங்கு கேட்டால் ஊர் சும்மா இருக்காது. கடல்நீரைக் குடிநீராக்கும் பொது ஆலைதான் வழி. அதுவும் பேட்டைக்குள் அடங்கும் வசதிதான்.

2025 செப்டம்பரில் துறைமுகத்தில் ஒரு சிறிய சோதனை ஆலையைத் திறந்தார்கள். 3.87 கோடி ரூபாய்ச் செலவு, மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன். எடையில் பார்த்தால் மணிக்கு ஒரு கிலோ கூட வராது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் போடும் இடத்துக்கும் அது போகிறது. கைப்பழக்கத்துக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை எரிபொருள் கலத்தில் போட்டு மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சும். தெருவிளக்கு இதற்குச் சந்தை ஆகாது. அமோனியாவும் கப்பல் எரிபொருளும்தான் சந்தை. அதே நாளில் 35 கோடி ரூபாய்ச் செலவில் கப்பல் எரிபொருளாகும் பசுமை மெத்தனாலுக்கு 750 கன மீட்டர் கிடங்குக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டுரையில் அதற்கு அதிக இடம் கொடுங்கள்.

'வேலி'யை எழுத்துப்பெயர்த்து எழுதிவிடாதீர்கள். ஹைட்ரஜன் வேலி என்றால் தஞ்சாவூர்க்காரர் நில அளவை நினைத்து, இருபது மாவா என்று கேட்பார். 'பள்ளத்தாக்கு' என்பதும் சரிவராது, ஜோத்பூரில் ஏது பள்ளத்தாக்கு? ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தச் சொல்லின் பொருள், ஒரு பகுதி முழுவதும் உற்பத்தி, கடத்தல், பயன்பாடு எல்லாம் கோத்திருப்பது. அதற்கு 'ஹைட்ரஜன் வட்டாரம்' போதும்.

———

பெரியவர் மன்னிக்க வேண்டும். சென்னைக்காரனுக்குப் பேட்டை என்றதும் நினைவுக்கு வருவது 'பேட்டை ரவுடி'தான். அமைச்சர் மேடையில் "ஹைட்ரஜன் பேட்டை" என்று சொன்னால் கூட்டம் சிரிக்கும். 'ஹைட்ரஜன் வளாகம்' என்றால் என்ன?

———

அண்ணைக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேட்டையில் ஒரு சிரிப்பும் இல்லை. அச்சுவேலியில் இருப்பது கைத்தொழிற்பேட்டை. அரச ஆவணத்திலும் அதுதான். ஆகவே இரண்டு கரைக்கும் பொதுவான சொல் கிடைத்திருக்கிறது, விட்டுவிட வேண்டாம். (நாங்கள் ஐதரசன் என்றே எழுதுவோம், அதற்குச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

ஆனால் ஒரு விசயம். காணி, வீதி, மின்சாரம் எல்லாம் கொடுத்த பிறகும் புல் முளைத்துக் கிடக்கிற பேட்டைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். பொருளை வாங்க ஆள் இல்லாவிட்டால் பேட்டை என்ன, வட்டாரம் என்ன? ஆங்கில அறிக்கைகளில் 'ஆஃப்டேக்' என்று ஒரு சொல் வருகிறதே, உற்பத்தியாவதை வாங்கிக்கொள்வதாக முன்பே ஒப்புவது, அதற்கும் தமிழ் வேண்டும். 'முன்கொள்முதல்' என்று வைக்கலாமோ?

———

> 'ஹைட்ரஜன் வளாகம்' என்றால் என்ன?

வளாகத்துக்கு மதில் உண்டு, வாசலில் காவலாளி உண்டு. ஒரே நிர்வாகத்துக்கு உட்பட்ட இடம். இங்கே பத்து நிறுவனங்கள், ஒரு துறைமுகம், ஒரு மின்வாரியம். ரவுடியைப் பொறுத்தவரை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் பேருந்தில் போகிறவர் யாரும் சிரிப்பதில்லை. 'ஹைட்ரஜன் தொழிற்பேட்டை' என்று நீட்டிச் சொன்னால் அமைச்சர் தப்பித்துக்கொள்வார்.

யாழ்ப்பாணத் தம்பி கேட்டதுதான் முக்கியமான கேள்வி. அரசு உதவி என்றால் தயாரிப்பவருக்குக் கொடுப்பது என்றே நாம் எண்ணிவிடுகிறோம். வாங்குபவர் இல்லாத இடத்தில் அந்தப் பணம் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு ஆஸ்திரேலியாவின் வையாலா ஊரே சாட்சி. மாநில அரசு தானே இறங்கி, 59.3 கோடி ஆஸ்திரேலிய டாலரில் 250 மெகாவாட் மின்பகுப்பானும் 200 மெகாவாட் மின்நிலையமும் கட்டத் திட்டமிட்டது. ஹைட்ரஜனை வாங்கும் என்று பலரும் எதிர்பார்த்தது அந்த ஊர் உருக்காலை. 2025 பிப்ரவரியில் உருக்காலையே கடனில் மூழ்கி வெளி நிர்வாகியின் கைக்குப் போனது. அரசு ஹைட்ரஜன் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பணத்தை உருக்காலையைக் காப்பாற்றத் திருப்பியது. அதே மாதம் குவீன்ஸ்லாந்து அரசும் கிளாட்ஸ்டன் அருகே திட்டமிட்டிருந்த பெரிய ஹைட்ரஜன் ஆலைக்குப் பணம் கொடுக்க மறுத்துவிட்டது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. எச்2குளோபல் என்ற ஏற்பாட்டில், அரசுப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் பத்து ஆண்டுக்கு நிலையான விலையில் வாங்குவதாக ஒப்பந்தம் போடுகிறது. வாங்கியதைக் குறுகிய கால ஏலத்தில் விற்கிறது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் அரசின் கணக்கில். முதல் சுற்றுக்கு 90 கோடி யூரோ ஒதுக்கி, 2024-இல் எகிப்தில் தயாராகும் பசுமை அமோனியாவுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமாக வந்தது 2025-இல் இந்திய சூரிய மின்சக்திக் கழகம் நடத்திய அமோனியா ஏலம்தான். 13 உர ஆலைகள், ஆண்டுக்கு 7.24 லட்சம் டன், பத்து ஆண்டு. எந்த ஆலைக்கு எவ்வளவு என்பது ஏலத்துக்கு முன்பே எழுதப்பட்டது. முதல் ஏலத்தில், பாரதீப்பில் உள்ள ஆலைக்குக் கிலோ 55 ரூபாய் 75 காசுக்குப் படிந்தது. இதற்கும் மூன்று ஆண்டு ஊக்கத்தொகை உண்டு: கிலோவுக்கு 8.82, 7.06, 5.30 ரூபாய். என்னைக் கேட்டால், இந்த இயக்கத்தில் இதுவரை நடந்தவற்றில் உருப்படியானது இதுதான். வங்கிக்காரர் பார்ப்பது ஊக்கத்தொகையை அல்ல, வாங்குபவர் போட்ட கையெழுத்தை.

> 'முன்கொள்முதல்' என்று வைக்கலாமோ?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் 'முன்' வந்ததும் முன்பணம் நினைவுக்கு வரும். இங்கே யாரும் முன்கூட்டிப் பணம் கொடுப்பதில்லை. வெறும் 'கொள்முதல்' என்றாலோ நெல் கொள்முதல்தான்: அறுத்துக் கொண்டுவந்து கொட்டிய பிறகு வாங்குவது. ஆஃப்டேக் அதற்கு நேர்மாறு, ஆலைக்கு அஸ்திவாரம் போடுமுன்பே கையெழுத்து ஆகிவிடும். சர்க்கரை ஆலையில் கரும்பு பதிவு செய்வது போல. நட்ட கரும்பை ஆலையில் பதிந்துவிட்டால், ஆலை வெட்டு உத்தரவு கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். 'பதிவுக் கரும்பு' மாதிரி 'பதிவு ஹைட்ரஜன்' என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் பத்திரப்பதிவு அலுவலகம் குறுக்கே வந்துவிடும்.

ஆகவே 'கொள்முதல் உறுதி'. கையெழுத்தான தாளுக்குக் கொள்முதல் உறுதி ஒப்பந்தம். வாங்கவில்லை என்றாலும் பணம் கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் 'கட்டாயக் கொள்முதல் உறுதி'. உறுதி இல்லாமல் வெறும் விருப்பக் கடிதத்தோடு படம் எடுத்துக்கொள்வதற்கு நம் ஊரில் ஏற்கெனவே புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற பெயர் இருக்கிறது. கட்டுரையில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

———

நன்றி ஐயா. அப்படியானால் துறைமுகம் ஹைட்ரஜன் பேட்டை, புனே ஹைட்ரஜன் வட்டாரம். மின்பகுப்பான், கொள்முதல் உறுதி இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கட்டுரையில் 'பங்கரிங்' மட்டும் மிச்சம். 'கப்பல் எரிபொருள் ஊட்டல்' என்று எழுதட்டுமா?

———

ஊட்டல் வேண்டாம், குழந்தைக்குச் சோறு போல இருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் முகவர் முதல் படகு ஓட்டுபவர் வரை எல்லாரும் பங்கர் என்றுதான் சொல்கிறார்கள். முதல் தடவை 'கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் பங்கர் வசதி' என்று விளக்கிவிட்டு, அப்புறம் பங்கர் என்றே விடுங்கள்.