மாமனாரால் 341 கூட்டத்துக்கு வர முடியாது, என்ன செய்வது?

நியூஜெர்சியில் இருக்கிறோம். மாமனார் கடை நொடித்துப்போய் சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடனை அடைக்கும் வகை) திவால் மனு போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை 341 கூட்டம், அதாவது மனு போட்டவர் சத்தியம் செய்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டம். போன வாரம் பக்கவாதம் வந்துவிட்டது; பேச்சு குழறுகிறது, வலது கை தூக்க வரவில்லை. கணக்கெல்லாம் எழுதியது நான்தான். அவருக்குப் பதில் நான் போனால் போதுமா?

பதில் 1:
பதறாதீர்கள். அங்கே நீதிபதி வரவே மாட்டார், திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்ட டிரஸ்டிதான் கேள்வி கேட்பார். இப்போது பெரும்பாலும் ஜூமில்தான் நடக்கிறது. என் அண்ணனுக்கு பைபாஸ் ஆனபோது டாக்டர் கடிதத்தை வைத்து வக்கீல் தேதியைத் தள்ளி வாங்கினார். படுக்கையில் சாய்ந்தபடியே பேசினான், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போட்டோ ஐடியைத் தேடியதுதான் பெரிய கூத்து!

பதில் 2:
வர முடியாது என்பதைச் சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், வழக்கையே தள்ளுபடி செய்யச் சொல்லி டிரஸ்டி கேட்கலாம். மருமகள் என்பதற்காக நீங்கள் பதில் சொல்லிவிட முடியாது. பேச்சு திரும்பாவிட்டால் எழுத்தில் கேள்வி வாங்கி, சத்தியப் பிரமாணத்தோடு பதில் கொடுக்க வழி உண்டு. அதற்கும் டிரஸ்டி சம்மதம் வேண்டும்.

கேட்டவர்:
சரி, இன்றே வக்கீலிடம் பேசுகிறேன். மாமா இடது கையால் கையெழுத்துப் பழக ஆரம்பித்துவிட்டார், நான் சொல்லாமலே.