வீட்டுக்குள் வெள்ளம் வந்த பிறகு பணம் எங்கிருந்து வந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி, ராம் நகர்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். விடியும் முன்பே மாமியாரைக் கைத்தாங்கலாக மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டு, சான்றிதழ் பையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு நாங்களும் ஏறிவிட்டோம். மூன்று நாள் கழித்து இறங்கிப் பார்த்தால் பிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. ஹால் முழுக்கச் சாக்கடைச் சேறு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுப்புடவைகள் ஒன்றோடொன்று சாயம் ஏறி ஒரே மூட்டையாகியிருந்தன.

அந்த நாற்றத்தில் நமக்குத் தோன்றுவது ஒன்றுதான், முதலில் கழுவித் தள்ள வேண்டும். துடைப்பத்தை எடுத்தபோது மாடி வீட்டு அண்ணன் தடுத்தார். "கழுவாதீங்கம்மா, முதல்ல போட்டோ எடுங்க. 2015-ல நான் கீழ்வீட்டுல இருந்தேன். எல்லாத்தையும் கழுவிக் குப்பையில போட்டுட்டு, அப்புறம் காட்ட ஒண்ணுமில்லாம நின்னேன்." அவர் மட்டும் அன்று அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத எனக்கு எதுவுமே இருந்திருக்காது.

அறை அறையாக எடுத்தோம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் இன்ச் டேப்பைப் பிடித்து ஒரு படம். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்புறம் மாடல் எண் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், ஊறிப் பிளந்த கட்டில் பலகை, மெத்தை எல்லாவற்றையும் தெருவில் கொண்டுபோய் வைக்கும் முன்பே எடுத்தோம். மாநகராட்சி லாரி வந்து அள்ளிப் போன பிறகு அதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது?

அரசு கொடுத்த 6,000 ரூபாய் டோக்கன் முறையில் ரேஷன் கடையில் ரொக்கமாகக் கிடைத்தது. டிசம்பர் 17-ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த பிறகுதான் கொடுக்க ஆரம்பித்தார்கள். சம்ப்பைச் சுத்தம் செய்து மோட்டாருக்குக் காயில் கட்டியதிலேயே அது தீர்ந்துபோனது. குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் கையில் ரொக்கம் இருந்தது பெரிய ஆறுதல். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் கொடுமை. என் சங்கிலியை அடகு வைத்துத்தான் ஓட்டினோம்.

பெரிய பணம் நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. நனைந்த வீட்டுக்கடன் பைலை மாடிக்கொடியில் கிளிப் மாட்டித் தாள் தாளாகக் காயவைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பாலிசி. கடன் வாங்கிய அன்று ஐம்பது கையெழுத்தில் அதுவும் ஒன்று. உயிருக்கான பாலிசி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம். படித்தால் வீட்டுக்கானது, 'பாரத் கிருஹ ரக்ஷா'. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்சூரன்ஸ்) நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் கொடுக்கிற பாலிசி. வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்திருந்தாலே, அதன் காப்புத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகக் காப்பு உண்டு. வீட்டுக்கடன் இருப்பவர்கள் தயவுசெய்து இன்றே பைலைத் திறந்து பாருங்கள்.

சேதத்தைக் கணக்கிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒன்பதாம் நாள் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் குறித்துக்கொண்டார். பில் கேட்டார். பில்லெல்லாம் கூழாகிவிட்டது. பிரிட்ஜ் வாங்கிய கடையில் செல்போன் எண்ணைச் சொன்னதும் பழைய பில்லை எடுத்துக் கொடுத்தார்கள். மற்றதற்கு வங்கி ஸ்டேட்மென்ட். கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் மூவரிடமும் எஸ்டிமேட் எழுதி வாங்கினேன்.

சரி, வந்துவிடும் என்று இருந்தால், கட்டடத்துக்கு மட்டும்தான் தருவோம், சாமான்களுக்குக் காப்பு இல்லை என்று கம்பெனியிலிருந்து கடிதம். அன்று இரவு அழுதேன். மறுநாள் பாலிசியில் அந்த வரியை அடிக்கோடிட்டு, அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கே புகார் அனுப்பினேன். 30 நாள் ஆகியும் பதில் இல்லை. அதன் பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது, அங்கே மனு கொடுத்தோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விசாரணைத் தேதிக்கு முன்பே கம்பெனி பணத்தைப் போட்டுவிட்டது. எல்லாம் சேர்த்து 1,85,000. நகையை மீட்டுவிட்டேன்.

உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, எங்கே சிக்கியது? எழுதுங்கள்.

வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம்

அக்கா, எங்களுடையது 2015 கதை. டிசம்பர் 1 இரவு அடையாறு பெருகி வந்தது. படகில்தான் வெளியே வந்தோம். வாடகை வீடு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் நேராகத் திருநெல்வேலிக்கு ரயிலேறிவிட்டோம். அதுதான் எங்களுக்கு வினையானது. நாங்கள் ஊரில் இருந்தபோது கணக்கெடுப்புக்கு வந்திருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடந்ததால் எங்கள் பெயர் விட்டுப்போனது. அந்த முறை குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் போட்டார்கள், பத்துக் கிலோ அரிசியும் வேட்டி சேலையும் தனி. பக்கத்து வீட்டுக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை. தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போது மழைக்கு ஊருக்குப் போனாலும் வீட்டில் ஒருவர் தங்கிவிடுவோம். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ரேஷன் அட்டை நகலும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போவோம்.

பள்ளிக்கரணை

வீட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். மிக்ஜாமில் பார்க்கிங்கில் கார் முக்கால்வாசி முங்கிவிட்டது. தண்ணீர் இறங்கியதும் ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகினேன். என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்துவிடும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சீட், வயரிங் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது. என்ஜினுக்கு வரவில்லை, அது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்றார்கள். என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பைப் பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் கிடைத்திருக்கும். சாவியையே தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சைதாப்பேட்டை

நான் கொத்தனார். ஒன்று மட்டும் சொல்கிறேன். பணம் வந்த கையோடு பெயிண்ட் அடிக்க வேண்டாம். செங்கல் குடித்த தண்ணீர் வெளியே வர மாதக்கணக்காகும். 2015-ல் பொங்கலுக்குள் அடித்தே ஆகவேண்டும் என்று நின்றவர்கள் வீட்டில் சித்திரைக்குள் பொரிந்து உதிர்ந்தது. சுவர் அடியில் ஒரு முழம் பூச்சைக் கொத்திவிட்டு, கோடை முழுக்கக் காயவிட்டு, பிறகு பூசுங்கள். வயரிங்கைச் சோதிக்காமல் மெயினைப் போடவும் கூடாது.

ஆதம்பாக்கம்

எங்கள் ரேஷன் அட்டை தஞ்சாவூர் முகவரியில் இருக்கிறது. வாடகைதான். சொந்த வீடில்லாத எங்களுக்கு ஏதாவது வழி உண்டா அக்கா?

வேளச்சேரி, ராம் நகர்

உண்டு தம்பி. 2023-ல் இங்கே அட்டை இல்லாதவர்களும் ரேஷன் கடையில் படிவம் வாங்கி, வங்கிக் கணக்கு விவரத்தோடு கொடுக்க முடிந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தமோ கேஸ் ரசீதோ, இந்த முகவரியைக் காட்டுகிற ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். அந்த அக்காவிடம் ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தந்ததே கிடையாது. பணம் வரவில்லை. தையல் மிஷினும் போய்விட்டது. தெருவில் நாங்கள் ஆறு வீடுகள் சேர்ந்து ஒரு பழைய மிஷின் வாங்கிக் கொடுத்தோம். அவர் பட்டதைப் பார்த்ததிலிருந்து வாடகைக்கு இருப்பவர்களிடமெல்லாம் ஒப்பந்தம் எழுதி வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, அதே பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைச் சாமான்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.

யாருக்காவது படிவம் நிரப்பவோ ஆம்புட்ஸ்மேனுக்கு மனு எழுதவோ உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு நேரம் இருக்கும்.