கேன்வா மெலனி பெர்கின்ஸ்: நூறு பேர் மறுத்த கதையில் சொல்லாமல் விட்டது என்ன?

கார்முகில் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். கல்லூரி தொழில்முனைவோர் மன்றத்தில் அடுத்த வாரம் ஒருவரைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். இணையத்திலேயே போஸ்டர், அழைப்பிதழ் எல்லாம் வடிவமைக்க உதவும் கேன்வாவை ஆரம்பித்த மெலனி பெர்கின்ஸை எடுத்திருக்கிறேன். எங்கள் துறை போஸ்டரில் இருந்து அக்கா கல்யாண அழைப்பிதழ் வரைக்கும் எல்லாம் அதில்தான் செய்கிறோம், அதனால் கேட்கிறவர்களுக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆனால் எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரே கதைதான். 19 வயதில் படிப்பை விட்டார், நூறு முதலீட்டாளர்கள் முடியாது என்றார்கள், மனம் தளரவில்லை, ஜெயித்தார். இவ்வளவுதான். அந்த வருஷங்களில் பிழைப்புக்கு என்ன செய்தார், ஏன் அத்தனை பேர் மறுத்தார்கள், கடைசியில் எதைப் பார்த்துப் பணம் போட்டார்கள் என்று யாருமே சொல்வதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இலங்கைப் பூர்வீகம் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

அச்சுக்கூடம் பதில்:

தம்பி, நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கிறீர்கள். நான் டிடிபி வேலையிலேயே தலை நரைத்தவன், அதனால் நீங்கள் கேட்டதில் பிழைப்புப் பகுதியை மட்டும் சொல்கிறேன், என்னைக் கேட்டால் முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

மெலனி 1987இல் பிறந்தவர், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பெர்த் நகரத்துக்காரர். பதினான்கு வயதிலேயே கையால் செய்த ஸ்கார்ஃப்களை விற்றுக் காசு பார்த்தவர். வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே மற்ற மாணவர்களுக்கு வடிவமைப்பு மென்பொருள் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று பழகவே ஒரு செமஸ்டர் போய்விடுவதை அங்கேதான் பார்த்தார். இது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வலி. கடைக்கு வேலை பழக வருகிற பையன் லேயர் என்றால் என்ன, கர்னிங் என்றால் என்ன, சிஎம்ஒய்கேயில் ஏன் போட வேண்டும் என்று புரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். வாடிக்கையாளருக்கோ வேண்டியது ஒரே ஒரு நோட்டீஸ்.

மெலனி இதற்காக உடனே உலகத்துக்கே ஒரு மென்பொருள் செய்கிறேன் என்று கிளம்பவில்லை. அவருடைய அம்மா ஆசிரியை, பள்ளி ஆண்டு மலர் தயாரிப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்பது வீட்டிலேயே தெரியும். அதனால் 2007இல், பிற்பாடு கணவரான கிளிஃப் ஓபிரெக்ட்டோடு சேர்ந்து ஃபியூஷன் புக்ஸ் என்று ஆண்டு மலருக்கு மட்டும் ஒரு சேவை ஆரம்பித்தார். அம்மா வீட்டு ஹால்தான் ஆபீஸ். ஆசிரியரும் பிள்ளைகளும் இணையத்திலேயே பக்கங்களை இழுத்துப் போட்டு வடிவமைத்து முடித்தால், அச்சடித்துக் கட்டு கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அந்தப் புத்தியைத்தான். ஆண்டு மலர் என்பது வருஷா வருஷம் தவறாமல் வருகிற ஆர்டர். வாங்குகிறவர் யார் என்று தெரியும், போன் போட்டு நேராக அவரிடமே விற்கலாம். புத்தகம் கைக்குப் போனால் காசு வந்துவிடும். ஐந்து வருஷத்தில் ஆஸ்திரேலியாவிலேயே பெரிய ஆண்டு மலர் நிறுவனமாக வளர்ந்து, நியூசிலாந்து, பிரான்ஸ் வரைக்கும் போனது. முதலீட்டாளர்கள் வரிசையாகக் கைவிரித்தபோது அவரைத் தாங்கி நிறுத்தியது இந்த வியாபாரம்தான். விடாமுயற்சி என்று வீடியோக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு கடை இருந்தது, அதை விட்டுவிட்டுப் பேசாதீர்கள்.

மேற்குக்கரை பதில்:

பெர்த்தில் இருந்து எழுதுகிறேன். பூர்வீகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மா ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர். அப்பா மலேசியர், பொறியாளர், அவருடைய வேர் பிலிப்பைன்ஸிலும் இலங்கையிலும். ஆக, அப்பா வழியில் இலங்கை உண்டு.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிபடாது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே பெர்த் ஒரு தனித்தீவு மாதிரி. சிட்னிக்குப் போவதென்றாலே விமானத்தில் நாலு, அஞ்சு மணி நேரம். பெரிய மென்பொருள் நிறுவனங்களும் முதலீட்டாளர்களும் இருந்ததெல்லாம் கிழக்குக் கரையில், இங்கே பேச்சு முழுக்கச் சுரங்கமும் இரும்புத்தாதுவும்தான். அப்படிப்பட்ட ஊரின் வடக்குப் புறநகரான டன்கிரெய்க்கில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் சிலிக்கான் வேலி முதலீட்டாளர்களின் பணத்துக்கு ஒரு இருபத்துச் சொச்சம் வயதுப் பெண் முயற்சி செய்ததை நினைத்தால், எனக்கு நூறு மறுப்பை விட அதுதான் பெரிதாகப் படுகிறது. சின்ன வயதில் பனிச்சறுக்கு நடனப் பயிற்சிக்காக விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து போவாராம். அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

நிரல்காரன் பதில்:

மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் மறுப்புப் பகுதிக்கு வருகிறேன்.

2010இல் பில் டாய் என்ற சிலிக்கான் வேலி முதலீட்டாளர் ஒரு நிகழ்ச்சிக்காக பெர்த் வந்தார். மெலனிக்கு அவரோடு சில நிமிடம்தான் பேசக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ போனார், அண்ணன் தம்பி யாரோ ஒருவர் வீட்டிலேயே தங்கல். பக்கத்திலிருக்கும் பாலோ ஆல்டோவில் சாப்பிட்டுக்கொண்டே, ஆண்டு மலரோடு நிற்காமல் எல்லா வடிவமைப்புக்கும் ஒரே தளம் என்ற கேன்வா திட்டத்தை விளக்கும்போது டாய் முழுக்கக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாராம், இவர் வந்த காரியம் கெட்டது என்றே நினைத்துவிட்டார். ஆனால் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மெலனியை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். டாய் நடத்தும் கைட்சர்ஃபிங் கூட்டங்களுக்கு முதலீட்டாளர்கள் நிறைய வருவார்கள் என்பதால், ராட்சதப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் அந்த விளையாட்டையும் கற்றுக்கொண்டார்.

ஏன் மறுத்தார்கள் என்று கேட்டீர்கள். அவர்கள் பக்கமும் காரணம் இருந்தது. குழுவில் பொறியாளர் கிடையாது, ஆள் இருப்பதோ உலகத்தின் மறுகோடியில், மேலே போட்டியாக போட்டோஷாப்பைச் செய்யும் அடோபி நிறுவனம். இதெல்லாம் சரி, இன்னொரு விஷயம் முக்கியம்: பெரும்பாலான முதலீட்டாளர்களுக்குப் பிரச்சினையே புரியவில்லை. அவர்கள் வாழ்க்கையில் போட்டோஷாப்பைத் திறந்து திணறியிருந்தால்தானே! மெலனி ஒவ்வொரு மறுப்புக்கும் பிறகு ஸ்லைடுகளை மாற்றினார். யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் அடுத்த தடவை அந்தப் பதில் முன்கூட்டியே ஸ்லைடில் இருக்கும். கடைசியில் தொடக்கத்தையே மாற்றி, ஒரு சாதாரண ஆள் வடிவமைப்பு மென்பொருளைத் திறந்ததும் படும் பாட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நூறு மறுப்பையும் அவர் பரீட்சைத்தாள் மாதிரி திருத்தப் பயன்படுத்தினார், இது அந்த வீடியோக்களில் வராது.

பொறியாளர் கிடைத்தது தனிக் கதை. கூகுள் மேப்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான லார்ஸ் ராஸ்முசென் சிட்னியில் இருந்தார், டாய் அவரோடு கோத்துவிட்டார். லார்ஸ் சம்மதிக்கிற தரத்தில் ஆள் பிடித்தால்தான் பணம். மெலனி கொண்டுபோகும் ஆட்களை எல்லாம் லார்ஸ் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே போனது. பிறகு கூகுளில் வேலை பார்த்த கேமரன் ஆடம்ஸ் 2012இல் இணை நிறுவனராக வந்தார், டேவ் ஹெர்ன்டன் என்ற இன்னொரு கூகுள் பொறியாளரும் வந்தார். டேவ் தயங்கியபோது, அவரையே கதாநாயகனாக வைத்து விநோதமான ஒரு ஸ்லைடு தொகுப்பு செய்து அனுப்பித்தான் இழுத்தார்கள். ஆட்கள் அமைந்ததும் முதல் சுற்றுப் பணம் வந்தது, ஆஸ்திரேலிய அரசின் மானியமும் சேர்ந்துகொண்டது.

கார்முகில்:

அச்சுக்கூடம் ஐயா, மேற்குக்கரை அக்கா, நிரல்காரன் அண்ணா, மூவருக்கும் ரொம்ப நன்றி. பேச்சையே மாற்றி எழுத வேண்டும் போல இருக்கிறது. ஒரு சந்தேகம், இதைக் கேட்டுவிட்டு யாராவது "பில் டாய் அந்த ஊருக்கு வந்ததே அதிர்ஷ்டம்தானே" என்றால் என்ன சொல்வது?

தாமிரபரணி பதில்:

அதிர்ஷ்டம்தான், ஆமாம் என்றே சொல்லுங்கள். அதை மறைத்துப் பேசுவதால்தான் இந்த வெற்றிக் கதைகள் கேட்கிற பிள்ளைகளைக் குற்றவுணர்வில் தள்ளுகின்றன. வீட்டு ஹாலைக் கொடுக்க ஒரு அம்மா, ஆரம்பத்தில் கடன் கொடுக்க உறவுகள், படிப்பை விட்டாலும் தெருவுக்கு வராத ஒரு நாடு, மானியம் தரும் அரசு. இதெல்லாம் அவருக்கு இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு செமஸ்டர் கட்டணம் கட்டியவர்களுக்குத் தெரியும், கல்லூரியை விடுவது என்ன விலை என்று. தயவுசெய்து அந்தப் பேச்சில் படிப்பை விட்டதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

நிரல்காரன் பதில்:

தாமிரபரணி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டாய் வந்தபோது மெலனியிடம் காட்ட வெறும் யோசனை மட்டும் இல்லை, பள்ளிகள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த ஒரு பொருள் இருந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எல்லாரிடமும் அது இருந்திருக்காது.

கார்முகில், வெளியீட்டுக் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 2013 ஆகஸ்டில் கேன்வா வந்தது. அதற்கு முன் சாதாரண ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தபோது மென்பொருளில் பெரிய குறை இல்லை, ஆனால் ஜனங்கள் எதையும் தொடவே பயந்தார்கள். "எனக்கு டிசைன் எல்லாம் வராது" என்று பலகாலம் மனதில் ஊறிப்போனது. அதற்காகப் புதிதாக வருகிறவர்களுக்குச் சின்னச் சின்ன விளையாட்டு வேலைகள் வைத்தார்கள்: ஒரு வட்டத்தின் நிறத்தை மாற்று, குரங்குப் படத்துக்கு ஒரு தொப்பியை இழுத்து வை. வைத்துப் பார்த்ததும் பயம் போய்விடும், அப்புறம் அவர்களே போஸ்டர் போட ஆரம்பித்துவிடுவார்கள். 2018 ஜனவரியில் நிறுவன மதிப்பு 100 கோடி டாலர், 2021இல் 4,000 கோடி டாலர், அடுத்த வருஷமே சந்தை சரிந்து மதிப்பைக் குறைத்தார்கள். எண்களுக்கு ஒரு ஸ்லைடு போதும். குரங்குத் தொப்பிக்கு மூன்று நிமிடம் ஒதுக்குங்கள், முடிந்தால் கூட்டத்தில் டிசைனே தெரியாத ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு அதே மாதிரி ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்.