மெலடிப் பாட்டை பேண்டுக்கு எழுதும்போது சங்கதிகளை வைப்பதா, வெட்டுவதா?

சாட்ஸ்வர்த்_குழல்
தீபாவளி நிகழ்ச்சிக்கு எங்கள் பள்ளி பேண்ட் ஒரு பழைய தமிழ் சினிமா மெலடியை வாசிக்கிறது, எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பாடகரின் ஒவ்வொரு சங்கதியையும் (மெட்டில் அவர் போடும் வளைவுகள்), தாளத்துக்குப் பின்னால் அவர் இழுத்து நிற்கும் இடங்களையும் அப்படியே நோட்டேஷனில் இறக்கிவிட்டேன், கிளாரினெட்டுகள் எல்லாவற்றுக்கும். மாஸ்டர் பாதியை வெட்டச் சொல்கிறார். வெட்டினால் அது அந்தப் பாட்டே இல்லை. பாட்டு இ மேஜரில் இருக்கிறது, ஸ்ருதியையும் மாற்றவில்லை.

டர்பன்_டிரம்போன்
தம்பி, முதலில் அந்த இ மேஜரை விடு. கிளாரினெட்டுக்கும் சாக்சுக்கும் பேப்பரில் ஸ்ருதி மாற்றித்தான் எழுதுவோம், அதனால் கிளாரினெட்டுக்கு அது எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். ஆல்டோ சாக்சுக்கு சி ஷார்ப், ஏழும் ஷார்ப். அரை ஸ்வரம் இறக்கி இ ஃபிளாட்டில் வைத்தால் கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட், ஆல்டோவுக்கு ஒன்றுமே இல்லை. கிட்டார்காரனுக்குக் கைவந்த ஸ்ருதியைக் குழல் வாசிக்கிற பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும்?

அப்புறம் சங்கதி. பாடகர் ஒருவர், அவர் இஷ்டத்துக்கு இழுப்பார். அதையே செமிகுவேவரும் (குட்டிக் குட்டிச் சுரங்கள்) டையுமாக (சுரங்களை இணைக்கும் கோடு) எழுதி பத்துப் பிள்ளைகள் முன்னால் வைத்தால் ஆளுக்கொரு இடத்தில் வந்து விழுவார்கள். மெட்டை நேராக்கி எழுது, கேட்பவர்கள் காதிலேயே மிச்சப் பாட்டு இருக்கிறது.

சாட்ஸ்வர்த்_குழல்
சரி அண்ணே, இ ஃபிளாட்டுக்கு இறக்குகிறேன், அதில் சண்டை இல்லை. ஆனால் கமகம், அதாவது சுரத்தை அசைப்பது, கிளாரினெட்டில் வராது என்றால் கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் என்ன வாசித்தார்? கத்ரி கோபால்நாத் சாக்சில் கச்சேரியே செய்தார். நேராக்கினால் பள்ளிக்கூட வாழ்த்துப் பாட்டு மாதிரி மொட்டையாக நிற்கும்.

டர்பன்_டிரம்போன்
அவர்கள் தனி ஆளாக வாசித்தார்கள் ஐயா! ஏ.கே.சி. பக்கத்தில் இன்னும் ஒன்பது ஏ.கே.சி. உட்காரவில்லை. வாழ்நாள் சாதகத்தையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்காதே.

ஃபீனிக்ஸ்_யூஃபோனியம்
இரண்டு பேரும் வைப்பதா வெட்டுவதா என்றே நிற்கிறீர்கள், யார் கையில் கொடுப்பது என்று யாருமே கேட்கவில்லை. முதல் சரணத்தை யூஃபோனியத்துக்கு (சின்ன டியூபா மாதிரி பித்தளைக் குழல்) தனியாகக் கொடுங்கள், ஆண் குரல் நிற்கும் இடத்திலேயே அது நிற்கும். (ஆமாம், என் வாத்தியம்தான், அதற்காகச் சொல்லவில்லை.) சங்கதி முழுவதும் அங்கே இருக்கட்டும், அதுவும் சின்ன எழுத்து சுரங்களாக, மேலே ‘சுதந்திரமாக’ என்று ஒரு சொல் போட்டு. அடியில் ஹார்ன்கள் நீளமாகப் பிடிக்கட்டும், டியூபா தாள முதலில் மட்டும். எல்லோரும் சேருகிற பல்லவியில் நேரான மெட்டு.

இன்னொன்று, தம்பி கவனிக்க வேண்டியது. கிளாரினெட்டில் நடு பி ஃபிளாட் ஒரு விரலும் கட்டைவிரலுமாக வருகிற மெலிந்த சுரம். அடுத்த சி-க்கு முன்பக்கத்து ஆறு ஓட்டையையும் கட்டைவிரல் ஓட்டையையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். உங்கள் அசைவு அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் எந்தப் பிள்ளைக்கும் ‘கீச்’ என்றுதான் வரும். அந்த இடத்தை மட்டும் ஆல்டோவுக்கு மாற்றுங்கள்.

டர்பன்_டிரம்போன்
அக்கா சொல்வது நடக்கும், சோலோ ஆள் அன்றைக்குக் காய்ச்சலில் படுக்காதவரை. அதே வரியை டெனார் சாக்ஸ் பேப்பரிலும் சின்ன எழுத்தில் போட்டு வை. சறுக்கிப் போகிற சங்கதி ஏதாவது இருந்தால் டிரம்போனுக்குக் கொடு, எங்களுக்கு ஸ்லைடு (இழுத்து நீட்டும் குழாய்) இருக்கிறது. ஆனால் ‘சுதந்திரமாக’ என்று எழுதினால் மாஸ்டர் தாளம் காட்டும் கையை எங்கே வைப்பார்?

டோங்காட்_நூலகர்
நடுவில் ஒரு வேலைப் பேச்சு. நம் தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை வேறு வாத்தியங்களுக்கு மாற்றி எழுதும் உரிமையும் பாட்டின் உரிமையாளருடையதுதான். சாம்ரோ (இசை உரிமை அமைப்பு) லைசென்ஸ் மேடையில் வாசிப்பதற்கு, எழுதுவதற்கு அல்ல. தீபாவளி நெருங்கிய பிறகு அனுமதி கேட்டுக் கடிதம் போடாதீர்கள்.

சாட்ஸ்வர்த்_குழல்
கடிதம் நாளைக்கே போகும். சோலோ யூஃபோனியத்துக்கு, சரி. ஆனால் கடைசிப் பல்லவியில் ஒரே ஒரு சங்கதியை மட்டும் கிளாரினெட்டுகளுக்கே வைக்கிறேன், மெதுவாக எண்ணி வாசிக்கப் பழக்குகிறேன். அதற்குத்தான் மக்கள் கை தட்டுவார்கள்.

டர்பன்_டிரம்போன்
முதல் கிளாரினெட் இரண்டு பேருக்கு மட்டும் வை, மற்றவர்களுக்கு நேரான மெட்டு. அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.